எண்பதை அறுபதாக்கிய இரவு

அரசூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை. மூன்று மாதம் ஓடிவிட்டது. திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார். பெரியவள் பிளஸ் டூ. கமலா நலம். உன் வீட்டு விசேஷத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே வரும். போனில் சொன்னால் பாதியில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இரும்பு உருக்கி வார்க்கும் எங்கள் பவுண்டரியில் குறை பார்க்கக் காமிரா வைத்தது உனக்குத் தெரியும். ஜப்பானில் ஃபானுக் ஆலையில் ரோபோக்களே ரோபோக்களைச் செய்கின்றன, விளக்குகூடப் போடுவதில்லை என்று வீடியோ அனுப்பி, "உங்க ஊர்ல எப்படா?" என்று கேட்டவன் நீதானே. இங்கே ஒரு மூலைக்காவது வந்துவிட்டது மாப்ள. பிரேக் காலிப்பர் ஹவுசிங், அதாவது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் இரும்புக் கூடு, மணல் உதிர்க்கும் ஷாட் பிளாஸ்ட், பிசிறு நீக்கும் பெட்லிங் எல்லாம் முடிந்து கன்வேயரில் ஒரு கறுப்புக் கூண்டுக்குள் போகும். நாலு காமிரா படம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் விழும். 80-க்கு மேலே என்றால் பாஸ், கீழே என்றால் சிவப்புத் தட்டு.

அதை எப்படிப் பழக்கினோம் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல வார்ப்பின் படம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கெட்டதுக்கு எங்கே போவது? உலோகம் ஆறிப்போய்ச் சரியாக ஒட்டாத கோல்டு ஷட் விழுந்த பீஸ் மாசத்துக்கு நாலைந்துதான் வரும். காமிரா கொடுத்தவர்கள், ஒவ்வொரு குறைக்கும் நூற்றுக்கணக்கில் படம் வேண்டும் என்றார்கள். பீஸ் பார்த்துப் பிரிக்கும் மாரப்பண்ணன்தான் மறுபடி உருக்கப் போகிற ஸ்கிராப் குவியலில் இறங்கினார். இரண்டு மாதம், தினமும் ஷிப்ட் முடிந்தபிறகு. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, குறை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதே வட்டத்தை மவுஸால் போட்டார். முப்பது வருஷக் கண் அது. சாயங்காலம் நாலு மணிக்கு மேற்குப் பக்க ஷீட் இடுக்கில் வெயில் விழுந்து நிழலையெல்லாம் விரிசல் என்று காமிரா கத்தியபோது, கூண்டைக் கறுப்புத் துணியால் மூடச் சொன்னவரும் அவர்தான்.

வேலை நன்றாகவே செய்கிறது. நைட் ஷிப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் மனுஷக் கண் சொருகும், எனக்கும் சொருகியிருக்கிறது. அந்த நேரத்தில் கோட்டை விட்டதையெல்லாம் இப்போது இது பிடிக்கிறது. மெக்னீசியம் போட்ட உலோகத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஊற்றாவிட்டால், உடையாமல் வளைந்து கொடுக்கும் எஸ்.ஜி. இரும்பு எஸ்.ஜி. இரும்பாக இருக்காது, நம் வாத்தியார் தலையில் குட்டிச் சொன்னது. அந்த நேரத்தை ரிஜிஸ்டரில் ஷிப்ட் கடைசியில் ஒரே பேனாவால் மொத்தமாக எழுதும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. இப்போது உருகியதை ஏந்தும் லேடில் அசைந்ததும் சென்சாரே எழுதிவிடுகிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இனிமேல் யாரும் கணக்கில் கை வைக்க முடியாது என்று நினைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31. மாசக் கடைசி, காலாண்டுக் கடைசி. ராத்திரி பத்தரைக்குப் போன். டிஸ்பாட்சுக்கு 200 பீஸ் குறைகிறது, சிவப்புத் தட்டில் அதற்கு மேலேயே இருக்கிறது. "அந்த 80-ஐக் கொஞ்சம் இறக்கிவிடுங்க, காமிரா ரொம்பக் கறாரா இருக்கு" என்றார் மேலே இருப்பவர். பாஸ்வேர்ட் என்னிடம்தான். திரையில் ஒரு கோடு, அதில் ஒரு பொத்தான். 80-ல் இருந்ததை 60-க்கு இழுத்தேன். ஐந்து விநாடி ஆகியிருக்காது. தட்டில் இருந்ததை மறுபடி கூண்டுக்குள் விட்டார்கள். 212 பீஸ் பாஸ்.

முன்பும் மாசக் கடைசியில் இப்படிக் கேட்பார்கள். ஆனால் அப்போது பீஸைப் பார்த்துப் பிரிக்கும் மேஜையில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு பேரையும் சமாதானப்படுத்தியாக வேண்டும். ஒருவர் முணுமுணுப்பார், ஒருவர் பாதியைத்தான் விடுவார். மாரப்பண்ணன் தட்டிப் பார்க்கும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், அவர் மேஜையில் இருந்து ஒன்றும் நகராது. இப்போது அந்த ஏழு பேரின் தயக்கமும் ஒரே எண்ணாகிவிட்டது. அந்த எண் என் விரலில். கேட்கவும் ஆள் இல்லை, முணுமுணுக்கவும் ஆள் இல்லை. இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது குமரேசா. ஏழில் ஐந்து பேரை மேஜையிலிருந்து எடுத்துவிட்டோம், மூன்று பேர் பெட்லிங்கில் இருக்கிறார்கள், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். சம்பளத்தை மட்டும்தான் மிச்சம் என்று கணக்குப் போட்டோம்.

அன்றைக்குத் தூங்கவில்லை. பிரேக் ஹவுசிங் மாப்ள, கேட் கொக்கி இல்லை. யாரோ ஒருவன் குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து மலையிறக்கத்தில் பிரேக்கை மிதிப்பான். லாரி விடியும்வரை நீலம்பூர் பக்கம் டிரான்ஸ்போர்ட் கொட்டகையில்தான் நிற்கும் என்று தெரியும். நாலரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தச் சொல்லி, 212-ஐயும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். மாரப்பண்ணனைக் கூப்பிட்டேன். புது வருஷத்தன்று கோயிலுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்தார். அவர் ஒதுக்கியதில் ஒன்பதை அறுத்துப் பார்த்தோம். மேலே கடுகளவு துளை. உள்ளே சுண்டைக்காய் அளவுக்குக் குழி, மணல் அப்படியே இருந்தது. அதுவும் பிரேக் ஆயில் கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் உட்காரும் பள்ளத்துக்குப் பக்கத்தில்.

சிவப்புத் தட்டில் நல்ல பீஸும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் நல்லதுதான், காமிரா சந்தேகப்பட்டு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதைப் பிரிக்க மனுஷன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கோட்டை இழுத்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போகும்.

அன்றிலிருந்து மூன்று வாரமாக ஆபீசில் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன் வீட்டு விசேஷத்தன்று விளக்கம் கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள். 2017-ல் கோபே ஸ்டீல் விவகாரம் வந்தபோது, அலுமினியம், செம்புப் பொருட்களின் சோதனைக் கணக்கை மாற்றி நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கு அனுப்பியிருந்தார்கள் என்று நீயும் நானும் ராத்திரி ஒரு மணிவரை பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? "எப்படிடா மனசு வந்தது" என்று நான்தான் கேட்டேன். எப்படி வரும் என்று இப்போது தெரியும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, ராத்திரி பத்தரைக்கு ஒரு போன் வந்தால் போதும்.

டொயோடா தறிக் கதை நினைவிருக்கும். சகிச்சி டொயோடா 1924-ல் கொண்டுவந்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அதை உன் அப்பாவிடம் சொன்னதற்கு, "நிக்கறது பெருசில்ல தம்பி, நின்னதை யாரும் ஓட்டிறக் கூடாது" என்றார் மில்காரர். அன்றைக்குச் சிரித்தோம்.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். உங்கள் ஓரகடம் ஆலையில் காமிரா அளவை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இரண்டு பேர் சேர்ந்தால்தான் மாறும் என்ற மாதிரி ஏதாவது இருந்தால் அந்த நடைமுறையை அனுப்பு. எங்களிடமும் வாகன உதிரிபாகத் தரத்துக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. எதை எப்படிச் சோதிப்பது என்று எழுதி வைக்கும் கன்ட்ரோல் பிளானில் காமிரா எண்ணும் ஏற வேண்டும், மாற்றினால் கஸ்டமருக்குத் தெரிய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது பாஸ்வேர்டை மாரப்பண்ணனிடம் கொடுக்கச் சொல்லப் போகிறேன். அவருக்கு மார்ச்சோடு ரிட்டயர்மென்ட், இனி எதற்கு என்கிறார்கள். புது பீஸ் வார்க்கும் பாட்டர்ன் இரண்டு வரப்போகிறது, அதற்குக் குவியலில் இறங்கப் போவது யார் என்று கேட்டால் பதில் இல்லை.

இரண்டாவது, பிப்ரவரியில் ஒரு நாள் வா. சாமி கடை பாக்கி இன்னும் உன் பேரில்தான்.

அறுத்த பீஸில் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பிரித்ததும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் மேல்பக்கம் தடவிப் பார். தட்டுப்பட்டதா என்று மட்டும் போன் செய்து சொல்.

உன்,
செந்தில்