வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: நடிகர் தேர்வு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நடிகர் தேர்வைக் கவனிக்கிற நண்பர்களுக்கும் வணக்கம்.

9 வருடமாகச் சின்னதும் நடுத்தரமுமான வேடங்களில் திரையில் நடித்துவருகிறேன். அதற்கு முன்னால் நாடகம். ஆடிஷன் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ அனுப்பச் சொன்னால் முடிவையும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி போதும்.

போன மாதம் இரவு 9.30-க்கு 6 பக்க சீன் பேப்பர் வந்தது. மறுநாள் காலை 10 மணிக்குள் வீடியோ வேண்டுமாம். தம்பி இறந்த செய்தியோடு வீட்டுக்கு வருகிற அக்கா, வாசலில் கிடக்கும் அவன் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம்தான் அம்மாவிடம் பேச வேண்டும். சுவரில் போர்வையைக் கட்டி, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்தி, சத்தம் பதிவாகக் கூடாது என்று ஃபேனையும் அணைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் என் தங்கை நின்று அம்மாவின் வசனத்தைப் படிக்க, 11 டேக் எடுத்தோம். முதல் 3 டேக்கில் செருப்பைத் தொட்டதுமே அழுதுவிட்டேன். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று மேடையில் பழகிய உடம்பு, க்ளோஸ்-அப்பில் அது அதிகம். 8-ஆவது டேக்கில் இரண்டு செருப்பையும் ஜோடி சேர்த்து நேராக வைத்தேன். அழுகை வரவில்லை, பேசும்போது குரல் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை, அதையே அனுப்பினேன்.

இரண்டாம் நாள் போன் வந்தது. "சாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இந்த 12 நாள் தேதியை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றார்கள். கொடுக்கவில்லை. அதே தேதிகளில் வந்த இன்னொரு வேலையை வேண்டாம் என்றேன். அப்புறம் என் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. படப்பிடிப்பு தொடங்கிவிட்டதையே யாரோ பகிர்ந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வேடத்தைச் செய்கிறவர் நல்ல நடிகை, அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. யாரை எடுப்பது என்பது உங்கள் உரிமை, அதில் நான் தலையிடவே மாட்டேன். ஆனால் தேதியைப் பிடித்து வைக்கச் சொன்ன வாய்தானே, விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல வேண்டும்?

2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய ஒப்பந்தத்தில், வீட்டிலிருந்து எடுத்து அனுப்பும் வீடியோவுக்கும் விதி எழுதியிருக்கிறார்கள். முதல் சுற்றில் 8 பக்கத்துக்கு மேல் கேட்கக் கூடாது, குறைந்தது 48 மணி நேரமாவது தர வேண்டும். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டரை மணி நேரம். தூக்கமும் அதற்குள்தான்.

சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. 30 வயதைத் தாண்டினால் என்னைவிட 5 வயது குறைந்த நாயகனுக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிடுகிறீர்கள். போன முறை என்ன நடித்தீர்கள் என்று கேட்பதற்கு முன்பே எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். நடிப்பை வாங்கிக்கொண்டு குரலை வேறொருவரிடம் கொடுக்கிறீர்கள், அதையும் டிரெய்லர் வந்த பிறகுதான் நாங்கள் தெரிந்துகொள்கிறோம். கேட்டால் "பிரச்சினை பண்ணுகிறவர்" என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்திலேயே எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசுவோம். இப்போதைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்களுக்கு வேலை நெருக்கடி இருப்பது எனக்குத் தெரியும், ஒரு வேடத்துக்கு எத்தனையோ வீடியோக்கள் வந்து குவியும் என்பதும் தெரியும். எல்லோருக்கும் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. தேதி கேட்டு வைத்தவர்களுக்காவது முடிவைச் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போதே அப்படி யாராவது உங்கள் நினைவுக்கு வந்தால், தயவுசெய்து இன்றைக்கே அவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அடுத்த வேலைக்கு அவர் சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் படங்களில் நடிக்க இன்னும் ஆசைப்படும் ஒரு நடிகை