நனைந்த ஏடுகளை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

அன்றைய மழையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரே அதை அனுபவித்தது. தரங்கம்பாடிக் கோட்டையின் வரலாற்றுக்காகப் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த என் கையெழுத்துக் குறிப்புகளில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது என்பதை, நெஞ்சின் படபடப்பு அடங்குமுன்பே உங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பெட்டிகளைத் தலையில் சுமந்து கரைசேர்த்த மீனவ இளைஞர்கள், மாடி அறையைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியர், தம்மிடமிருந்த நகல்களைத் தேடி அனுப்பிய பழைய மாணவர்கள் ஆகிய அனைவருக்கும் என் வணக்கம்.

கடைத்தெருவில் தையல் கடை நடத்தும் சகோதரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யாரும் அழைக்காமல் வந்த அவர், வெயிலில் உலர்த்தலாம் என்று பலரும் யோசனை சொன்னபோது, காகிதம் சுருண்டு மொரமொரத்துவிடும் என்று தடுத்து, கடையிலிருந்த காடாத்துணியைப் பக்க அளவுக்குக் கிழித்து ஏட்டுக்கு ஏடு நடுவே வைத்தார். சாயத்துணி கறை ஏற்றிவிடும் என்பதால் சாயமிடாத துணியை மட்டுமே எடுத்துவந்திருந்தார். இரவு முழுவதும், ஈரமேறிய துண்டுகளை உருவிவிட்டு உலர்ந்தவற்றைச் செருகிக்கொண்டே இருந்தார். துணிக்கு விலை கேட்டேன், பதில் சொல்லவில்லை.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் டென்மார்க்கின் கடற்படைத் தலைவர் ஓவே கியெட்டே இக்கோட்டையை எழுப்பத் தொடங்கியதும், 1708-இல் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு இதற்குள் சிறைவைக்கப்பட்டதும், 1845-இல் டென்மார்க் நாட்டவரான டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றதும் பல நூல்களில் உள்ளவை. அப்பக்கங்கள் கரைந்திருந்தாலும் மறுபடி எழுதிவிடலாம். மிகுதியாக நனைந்தவையோ எஸ்கில் கொங்ஸ்பாக்கேயைப் பற்றிய பக்கங்கள். டென்மார்க்கிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு கப்பலும் வராத காலத்தில், உடனிருந்த டேனியர் ஒவ்வொருவராக இறந்தும் விலகியும் போக, சாதாரணச் சிப்பாயாக வந்த அந்த மனிதர் 1655 முதல் இங்கே தலைமையேற்று, வங்கக் கடலில் கைப்பற்றிய கப்பல்களின் வருவாயைக் கொண்டும் உள்ளூர் வீரர்களை வைத்தும் கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்துசேர்ந்தபோது கோட்டையில் டேனியக் கொடியே பறந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டே வாய்விட்டு வாசித்த சகோதரி, “இத்தனை வருஷம் கப்பலே வரலேன்னா, அந்த ஆளுக்குச் சோறு பொங்கிப் போட்டது யாரு சார்?” என்று கேட்டார். ஆளுநர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் ஆவணங்கள் அவருடைய கேள்விக்கு வாய் திறப்பதில்லை. ஆனால் அரிசியும் மீனும் கொடுத்தவர்கள், மதிலுக்குச் செங்கல் சுமந்தவர்கள், கூலி தாமதமானாலும் காவலுக்கு நின்றவர்கள் இல்லாமல் ஒற்றை டேனியரால் ஒரு கடற்கோட்டையைக் காத்திருக்க முடியாது என்பதற்கு ஆவணம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

எனவே அந்த அத்தியாயத்தை அவருடைய கேள்வியிலிருந்தே தொடங்கி மறுபடி எழுத உறுதிகொண்டிருக்கிறேன். எஞ்சிய குறிப்புகள் அனைத்தையும் படமெடுத்து, ஒரு படியை ஊர் நூலகத்தில் ஒப்படைப்பேன். புதிய அத்தியாயத்தை முதலில் அந்தச் சகோதரியிடம்தான் வாசிக்கக் கொடுப்பேன். அன்றைக்காவது அவர் காடாத்துணிக்கான விலையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியன்