தண்ணி ஊத்தினியா என்று கேட்காதே, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்பாவும் நலமா? தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் செடிப் பேச்சை எடுத்தாலே "தண்ணி ஊத்தினியா?" என்கிறாய். அதோடு என் பேச்சு நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதல் செம்பருத்தி செத்துப்போனபோது "குளிர் தாங்கல" என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பொய். நான்தான் கொன்றேன், அதுவும் தண்ணீர் ஊற்றியே.

இந்தக் குளிர் நாட்டுக்கு நான் வந்த வருஷம் அக்டோபரில் வாங்கிய செடி அது. தொட்டியில் சொருகியிருந்த அட்டையில் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று போட்டிருந்தது. சீனத்து ரோஜா என்று அர்த்தமாம். 1753இல் லின்னேயஸ் என்ற தாவரவியல் அறிஞர் வைத்த பெயர். வேலியோரம் தானாக வளர்ந்து நின்ற நம் செம்பருத்திக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று சிரித்துக்கொண்டே தூக்கி வந்து, ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் அழகாக வைத்தேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, நீ செய்வதைப் போலவே.

மூன்று வாரத்தில் இலை தொங்கியது. தாகமாக இருக்கும் என்று இன்னும் ஊற்றினேன். மஞ்சளாகிக் கொட்டியது. இன்னும் ஊற்றினேன். டிசம்பரில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று, தொட்டதும் தோல் மட்டும் கையோடு வந்தது. சாக்கடை வாசனை.

அப்புறம்தான் புரிந்தது. செடி தண்ணீரை இழுப்பது வெயிலும் சூடும் இருக்கிற அளவுக்குத்தான். நம் கொல்லையில் ஊற்றினது மத்தியானத்துக்குள் காணாமல் போகும். இங்கே பத்து நாளானாலும் மண் ஈரமாகவே கிடக்கிறது. ஈரம் அடைத்துக்கொண்டால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. மூச்சு முட்டி அழுகும். அழுகின வேர் தண்ணீரை எடுக்காது, அதனால் இலை தொங்கும். காய்ந்தாலும் தொங்குகிறது, அழுகினாலும் தொங்குகிறது. ஏமாறாமல் என்ன செய்வது? இப்போது விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். அதுவும் வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசும். ஊற்றினால் அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றி, தட்டில் தேங்கினதைக் கொட்டிவிடுகிறேன். குளிர்காலத்தில் வாரம் ஒரு தடவைகூட வேண்டியிருக்காது.

இரண்டாவது செடியை அடுத்த வசந்தத்தில் வாங்கினேன். இந்தத் தடவை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இடம் தேடினேன். போனில் வெளிச்சம் அளக்க ஒரு செயலி இருக்கிறது. நல்ல வெயிலில் வெட்டவெளியில் 1 லட்சம் லக்ஸ் வரும். மேகமூட்டமான நாளில் எங்கள் ஜன்னலோரம் 1,000ஐத் தொடவே தடுமாறியது. சோபா பக்கம் 150! நம் கண்ணுக்கு ஹால் பளிச்சென்றுதான் தெரிகிறது. செடிக்கு அது கும்மிருட்டு. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரமும் சூரியன் தெற்கே தாழ்வாகத்தான் ஊர்கிறது. அதனால் தெற்குப் பார்த்த ஜன்னல், கண்ணாடியை ஒட்டி. மேலே ஒரு சாண் உயரத்தில் எல்இடி விளக்கு, டைமர் போட்டுத் தினம் 13 மணி நேரம். கரண்ட் பில்லைப் பார்த்து இவர் முறைக்கிறார்.

கோடையில் பால்கனிக்கு மாற்றினேன். அதிலும் ஒரு முட்டாள்தனம். கண்ணாடிக்குள் வளர்ந்த இலையை ஒரே நாளில் வெயிலில் கொண்டுபோய் வைத்ததில், மேல் இலைகள் வெளிறித் தீய்ந்தன. முதல் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். அங்கேயே இன்னொரு கூத்தும் வெளிப்பட்டது. வாங்கும்போது குட்டையாக, அடர்த்தியாக இருந்த செடி திடீரென்று நெட்டையாக ஓடியது. நர்சரியில் செடி அடக்கமாக இருப்பதற்காக வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்து கொடுத்து விற்பார்களாம். மருந்தின் வேகம் தீர்ந்ததும் அது தன் சுபாவத்துக்கு வந்துவிட்டது. ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும் முன்பே உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் அடுத்த பிரச்சினை, காற்று. ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டர். சூடு போட்டதும் வீட்டுக் காற்று அப்பளமாகக் காய்கிறது. ஈரப்பதம் காட்டும் கருவி 25 சதவீதம் என்றது. என் உதடே வெடிக்கும்போது செடி என்ன செய்யும்? தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் நிரப்பி அதன்மேல் தொட்டியை வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வைத்தேன். முள் அசையவில்லை. கடைசியில் காற்றை ஈரப்படுத்தும் மெஷின் வாங்கி, தொட்டியை ரேடியேட்டரிலிருந்து இரண்டடி நகர்த்தினேன்.

அதற்குள் பூச்சி வந்துவிட்டது. நீ மாவுப்பூச்சியைத்தான் நினைப்பாய். இது செஞ்சிலந்தி. ஜனவரியில் ஒருநாள் இலை மேலெல்லாம் ஊசியால் குத்தினது போல வெளிர்ப்புள்ளிகள். தூசி என்று துடைத்தேன், போகவில்லை. இலையைத் திருப்பினால் காம்புச் சந்தில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினேன். மிளகுத்தூள் மாதிரி விழுந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தத் தூள் நடக்கிறது! ராத்திரி பதினொரு மணிக்குச் செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், மண் நனையாமல் தொட்டிக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் ஷவரில் கழுவினேன். பிறகு சோப்புக் கரைசல் தெளித்தேன். முட்டை அதற்கெல்லாம் சாகாது, பொரித்துக்கொண்டே இருக்கும். அதனால் நாலு நாளுக்கு ஒரு தரம் என்று நாலு தரம் குளிப்பாட்டினேன். நீ என்னைக் குளிப்பாட்டினபோதுகூட இவ்வளவு தேய்த்திருக்க மாட்டாய்.

பிப்ரவரிக் கடைசியில் கவாத்து செய்தேன். மூன்றில் ஒரு பங்கை வெட்டினதும் இவர் பதறிப்போனார். செம்பருத்தி புதுத் துளிரில்தானே பூக்கும் என்று சொல்லிக் கொடுத்ததே நீதான், அதை மறக்கவில்லை. துளிர் ஓடின பிறகு உரம் ஆரம்பித்தேன். பூக்க வைக்கும் உரம் என்று விற்கிறவற்றில் பலவற்றில் மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) தூக்கலாக இருக்கிறது. செம்பருத்திக்கு அது ஆகாது. மணிச்சத்து மிஞ்சினால் வேர் இரும்புச்சத்தை எடுக்கத் திணறும், நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமாக உள்ளதாகத் தேடி, பாட்டிலில் சொன்ன அளவில் பாதிதான் விடுகிறேன்.

ஏப்ரலில் ஐந்து மொட்டு வைத்தது. ஒருநாள் புழுக்கமாக இருக்கிறதே என்று பக்கத்து ஜன்னலைக் கால்மணி நேரம் திறந்து வைத்தேன். குளிர்காற்று அடித்ததில் இரண்டு மொட்டு மறுநாளே காம்போடு உதிர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை, சிரிக்காதே.

மிச்சம் மூன்று. முதல் மொட்டு போன புதன்கிழமை விரிந்தது. காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது முறுக்கு அவிழ்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஓடி வந்து பார்த்தால், குடையை மடக்கின மாதிரி சுருட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள் பூ என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அங்கே தினம் பத்துப் பூ இருக்கும்போது அது உறைத்ததா? இவர் அன்று வீட்டில்தான் இருந்தார். "நல்லா செவப்பா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் வர்ணனை. எடுத்த போட்டோவில் பாதிக்கு மேல் அவர் கட்டைவிரல்.

இரண்டாவது மொட்டில் சிவப்பு நுனி இன்னும் தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ விரிந்துவிடும். இந்தத் தடவை வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று ஆபீசில் சொல்லி வைத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு விடியும்போது உனக்கு முற்பகல் ஆகியிருக்கும். வீடியோவில் கூப்பிடுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடு. எடுத்ததும் முதல் கேள்வியாகத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் போனை வைத்துவிடுவேன்.

அப்பாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் மகள்