‘எல்லாம் மூலிகைதான் சார்!’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி முடிந்து ஒரு வாரமாகிறது. எங்கள் வீட்டுச் செவலை நேற்றுதான் பழையபடி கேட் வரை ஓடிப்போய்ப் பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள். ஒன்பது வயது, 14 கிலோ, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். வெடிச்சத்தம் கேட்டால் கிரைண்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்வாள்.

இந்த வருடமாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்று செல்லப்பிராணிக் கடையில் கேட்டேன். பயத்தைக் குறைக்கும் பிஸ்கட் என்று ஒரு டப்பாவை நீட்டினார்கள். ‘எல்லாம் மூலிகைதான் சார், ஒண்ணும் செய்யாது’ என்றார் கடைப் பையன். நாயின் எடை என்ன, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறதா, எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்கு இரண்டு கொடுத்தேன். ஏழரைக்கெல்லாம் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. எழுந்தால் சரிந்தாள். அப்புறம் வாந்தி. படுத்த இடத்திலேயே சிறுநீர். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் காது மட்டும் விறைத்து விறைத்து அடங்கியது. பயம் அப்படியேதான் இருந்தது; ஓடி ஒளியக் கால்தான் இல்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, ‘வேறென்ன கொடுக்கிறீர்கள்?’ சொறிக்காகக் காலையும் மாலையும் அலர்ஜி மாத்திரை கொடுத்து வருகிறோம். அதுவே தூக்கம் வரவழைக்கக்கூடியது. பிஸ்கட்டில் வலேரியன், கெமோமில் என்ற மூலிகைகளும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனும் இருந்தன; மூன்றுமே மந்தப்படுத்துபவை. தூக்கத்தின் மேல் தூக்கம். எது எத்தனை மில்லிகிராம் என்று டப்பாவில் எங்கும் இல்லை. ‘மூலிகைக் கலவை’ என்று மொத்தமாக ஓர் எடை போட்டிருந்தது. மருத்துவரே கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இவை சில நாய்களுக்குப் பலன் தருவது உண்டாம். ஆனால் வெடிக்கிற நாளில் முதன்முறையாகக் கொடுக்கக் கூடாது, முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டில் மனிதர்கள் சாப்பிடும் மெலடோனின் மிட்டாயைத் தங்கள் பொமரேனியனுக்குக் கொடுக்க இருந்தார்கள். அதைச் சொன்னதும் பதறிவிட்டார். அத்தகைய சில மிட்டாய்களில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும்.

பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் தெருவில் பத்தரை வரை வெடித்தார்கள். என் பேரனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான், யாரைச் சொல்ல?

இத்தகைய பிஸ்கட் டப்பாக்களில் ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம், எத்தனை கிலோ நாய்க்கு எவ்வளவு, எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பதைத் தமிழிலும் அச்சிட வைக்க வேண்டும். கார்த்திகையும் புத்தாண்டும் வருகின்றன. அதற்குள் தங்கள் நாளிதழில் ஒரு கால்நடை மருத்துவரை இதுபற்றி எழுதச் சொன்னால் நல்லது. மீதி 28 பிஸ்கட்டோடு அந்த டப்பா என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்கிற அதிகாரி யாராவது இருந்தால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை.