சேகருக்கு, ஷீட்டும் குறுக்குச் சட்டமும் பற்றி

ஈசூன்
சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என் பழைய காரின் சிஓஇயை, அதுதான் இங்கே கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழை, இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். பத்து வயது தாண்டியதால் இனி வருஷா வருஷம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகட்டும், எனக்கு அந்த வண்டியை விட மனமில்லை.

சரி, உன் காரின் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, விஷயத்துக்கு வருகிறேன். பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர் 12 இஞ்சில் போட்டு, பூட் (டிக்கி) முழுக்க நடுக்கம் அடக்கும் ஷீட் ஒட்டியும் உள்ளே பேஸ் அடி இறங்கவில்லை, வெளியே நிற்பவர்களுக்குத் தகரச் சத்தம்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். ஈப்போவில் கடைக்காரர் இன்னொரு அடுக்கு ஒட்டச் சொன்னாராம். ஒட்டாதே. அந்தக் காசுக்குப் ப்ளைவுட் வாங்கு.

அலுமினியத் தாள் போட்ட அந்தப் பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட் நல்ல பொருள்தான், ஆனால் அதன் வேலை வேறு. தகடு நடுங்கும்போது தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பியூட்டைல் இழுபட்டு, நடுக்கத்தை வெப்பமாக மாற்றிவிடும். கதவை விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று இருந்தது ‘தொப்’ என்று ஆகும். தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசியிலிருந்து பாதிவரை ஒட்டினாலே அந்தப் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒட்டுவதில் வண்டிக்கு எடைதான் கூடும்.

உன் வண்டியில் தகடு கணகணக்கவில்லை, வளைகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் எட்டரை மீட்டர். காருக்குள் அதில் பாதிகூட அடங்காது. ஆகவே அந்தத் தாழ்ந்த சுரங்களில் சப்வூஃபர் காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் அழுத்தி இழுக்கிறது. வீட்டில் சின்னதாகக் கேட்கும் சப்வூஃபர் காரில் மிரட்டுவதற்குக் காரணமே இந்த அழுத்தம்தான். சைக்கிள் பம்பின் குழாய் ரப்பரால் ஆனதாக இருந்தால் என்ன ஆகும்? கைப்பிடியை அழுத்துகிற பலமெல்லாம் குழாய் உப்புவதிலேயே போய்விடும். உன் கூரையும் பூட் மூடியும் இப்போது அப்படித்தான் உப்பிச் சுருங்குகின்றன.

விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 130 டெசிபெல் என்றால் ஏறக்குறைய 63 பாஸ்கல் அழுத்தம். கூரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு கிலோவுக்கு மேல் எடை வைத்த மாதிரி. அது நொடிக்கு 40 தடவை தள்ளுகிறது, 40 தடவை இழுக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகடு, பாவம், என்ன செய்யும்?

இதற்கு மருந்து விறைப்புதான். தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு கணக்கு. தாங்கலில்லாத அகலத்தைப் பாதியாக்கினால் வளைவு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும்! நடுவில் ஒரே ஒரு குறுக்குச் சட்டம் செய்கிற வேலையைப் பத்து அடுக்கு ஷீட் செய்யாது.

கூரைக்குள் குறுக்குச் சட்டங்கள் ஏற்கனவே இருக்கும். தகட்டுக்கும் அவற்றுக்கும் இடையே கம்பெனியில் வைத்த பசை, பழைய வண்டிகளில் காய்ந்து விட்டுப்போயிருக்கும். கூரைத் துணியை இறக்கிப் பார். இடைவெளி தெரிந்தால் பாலியூரித்தேன் பசை வைத்து நிரப்பு. ஆனால் ஓரங்களில் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருந்தால் அந்தப் பக்கமே கை வைக்காதே. துளையும் வேண்டாம், பசையும் வேண்டாம். இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

பூட் மூடியிலும் வெளித்தகட்டுக்கும் உள்சட்டத்துக்கும் நடுவே இதே பசை வேலைதான். எடை கூடினால் மூடி தானாக நிற்காமல் தலையில் இறங்கும், அளவோடு செய். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டுக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் வெட்டி போல்ட் போட்டு இறுக்கு. சப்வூஃபர் பெட்டியையும் தரையோடு பிணைத்துவிடு.

கடகடச் சத்தம் தனி. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப், ஒயர்களுக்குத் துணி டேப், ஸ்பேர் டயர் அருகில் கிடக்கும் ஜாக்கிக்கு ஒரு பழைய துண்டு. முக்கால்வாசி போய்விடும். கதவுக்குள் ஒட்டும்போது அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மூடிவிடாதே, நம் ஊர் மழைக்குக் கதவு உள்ளேயே துருப்பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிற தார் ஷீட்டும் வேண்டாம். வெயிலில் நின்றால் இளகி நாறும்.

எது வளைகிறது என்று கண்டுபிடிக்க, 20 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை மெதுவாக ஏறும் ஒலியை விட்டு, வெளியே ஒருவரை நிறுத்தித் தகடுகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கச் சொல். அழுத்தியதும் உள்ளே அடி கூடினால் அதுதான் இடம். நான் இதை ஞாயிற்றுக்கிழமை பகலில் காக்கி புக்கிட் பட்டறைப் பக்கம் வைத்துக்கொள்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் செய்தால் மேல்வீட்டுக் குழந்தைகள் தூக்கம் போகும். தகட்டை விறைப்பாக்குவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: அதே வாட்ஸுக்கு உள்ளே பேஸ் கூடும், தெருவுக்குப் போவது குறையும்.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். நாம் பள்ளி நாளில் கேசட் தேயத் தேயக் கேட்ட இளையராஜா பாட்டுகளில் அந்தத் தந்தி வரும் இடங்களைப் போட்டுப் பார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்று கேட்க வேண்டும். அதுவரை ஆம்ப்ளிஃபையரை மாற்றுகிற பேச்சே வேண்டாம்.

தைப்பூசத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், வண்டியிலேயே வா. கூரையில் சட்டத்துக்குச் சட்டம் எத்தனை சென்டிமீட்டர், பின்தட்டு என்ன அளவு என்று முன்னாலேயே எழுதி அனுப்பினால் ப்ளைவுட்டை வெட்டி வைத்திருப்பேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகு