தஞ்சை ஆயுதசாலை எஃகு ஈட்டிகளை ஆராய்ந்து பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கொல்லுப்பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்த குடிமகன்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
எழும்பூர், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இரண்டாம் சரபோஜி மன்னரின் மகன் சிவாஜி 1855-ஆம் ஆண்டு ஆண் வாரிசின்றி மறைந்தபின், தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றுள் ஒரு பகுதி எழும்பூருக்கு வந்து, இன்றும் தங்கள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அவற்றுள் அடங்கிய எஃகு ஈட்டிகளைக் குறித்தே இம்மனுவை அளிக்கிறேன்.

எங்கள் ஊர்க் காவல்தெய்வக் கோயிலிலும் பழைய ஈட்டி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவுக்காக அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்தார்கள், நானும் உடனிருந்தேன். கறுத்த படலம் நீங்கி ஈட்டியின் இலை வடிவ அலகு பளபளத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். காம்பைப் பிடிக்கும் பூணுக்கு மேலே விரலில் நெருடிய கொடி வேலைப்பாடும், அடித்தவர் இட்டிருந்த சிறு முத்திரையும் சேர்ந்தே அழிந்ததை மறுநாள்தான் கண்டேன். அந்த வருத்தமே இம்மனுவை எழுதத் தூண்டியது.

சேலம் பகுதியில் இரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரங்கட்டையோடு மண் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து உலையில் வைத்து எஃகு எடுத்ததை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பதிவு செய்துள்ளனர். ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரி (கார்பன்) கொண்ட அந்த எஃகுக்கும் சாதாரண இரும்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகக் கூற இயலாது. உலோகத்தில் கலந்துள்ள தனிமங்களை அறியப் பயன்படும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியும் கரியின் அளவைக் காட்டாது. ஆயுதத்தை வெட்டாமல் உள்ளமைப்பை அறிய உதவும் நியூட்ரான் ஆய்வுமுறையால் அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலுள்ள இந்திய வாள்கள் ஆராயப்பட்டுள்ளன. நம் நாட்டிலும் டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் அத்தகைய கருவிகள் இயங்குகின்றன.

எனவே, தஞ்சை ஈட்டிகள் அத்தகைய எஃகால் ஆனவையா என்பதை அறிய, அவற்றில் ஒன்றிரண்டையேனும் இம்முறையில் ஆராயவும், முடிவுகளை அளவு, எடை, முத்திரை விவரங்களுடன் தமிழில் வெளியிடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோயில்களிலும் வீடுகளிலும் உள்ள பழைய ஆயுதங்களை உப்புத்தாளோ அமிலமோ கொண்டு தேய்க்காமல் பேணும் முறையை விளக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கையை, வரும் திருவிழாக் காலத்துக்கு முன்பே ஊராட்சிகளுக்கு அனுப்பி உதவுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்