முதலில் ஒரு கல்லை விற்றுப் பார்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு.

அம்மாடி,

நீ வாட்சப்பில் அனுப்பிய கணக்கை அம்மா வாசித்துக் காட்டினாள். தீபாவளி லீவில் கூட்டாளியோடு கொழும்பு, அங்கிருந்து இரத்தினபுரி, திரும்பும் வழியில் பேங்காக். கையில் இருபதாயிரம் மலேசிய வெள்ளி. இரத்தினக் கல் வாங்கி இங்கே கொண்டுவந்து விற்றால் இரண்டு மடங்கு. வாங்குகிற பக்கத்துக்கு அவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய். விற்கிற பக்கத்துக்கு ஒரே வரி: "அப்பா கடை இருக்கே." அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த ஊரில் யாரும் கல்லுக்காகக் கல் வாங்குவதில்லை. ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருவார்கள். வியாழனுக்குப் புஷ்பராகம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இரண்டு மூன்று காரட், மோதிரத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு, சம்பளத்துக்குள் அடங்குகிற விலை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரரிடம் ஐயாயிரம் வெள்ளிக் கல்லை நீட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நீலம் என்றால் இன்னொரு தொல்லை. சனிக்குரிய கல், ஆகுமா ஆகாதா என்று தலையணைக்கு அடியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கக் கொண்டுபோவார்கள். கெட்ட கனவு வந்தால் கல் திரும்பி வரும். அதுவரை உன் முதல் அந்தத் தலையணைக்கு அடியில்தான்.

மற்ற கடைகளுக்குக் கொடுக்கலாம் என்பாய். நகைக்கடைக்காரர் கல்லை ரொக்கத்துக்கு வாங்குவது அபூர்வம். மொத்த வியாபாரி பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். விற்றதற்குப் பிறகு காசு, விற்காதது திரும்பிப் போகும். நீ ரொக்கம் கேட்டு நின்றால், அந்த வியாபாரியின் விலைக்கும் கீழேதான் கேட்பார்கள். அவரோ மொத்தமாக அள்ளுகிறவர், நீ பத்துக் கல்லைப் பொறுக்குகிறவள். பொறுக்கினாலே விலை ஏறும். கடைசிக்கு அடகுக்கடை இருக்கிறது என்று நினைக்காதே. கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் அங்கே பணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். எண்கள் உதாரணத்துக்குத்தான். டிக்கெட், தங்கல், சோதனைக்கூடக் கட்டணம் எல்லாம் மூவாயிரம் என்று வை. மிச்சம் பதினேழாயிரத்தில் ஆயிரத்து எழுநூறு வெள்ளி வீதம் பத்துக் கல். செலவைச் சேர்த்தால் ஒரு கல் உனக்கு இரண்டாயிரத்தில் வந்து நிற்கிறது. அதே மாதிரிக் கல்லை மொத்த வியாபாரி கடைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குக் கடனாகப் போடுகிறார் என்றால், நீ ஒருவரையும் ஏமாற்றாமல், ஒருவரிடமும் ஏமாறாமல், கல்லுக்கு ஐந்நூறு வெள்ளி இழப்பாய். போலிக் கல்லைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் இந்த ஐந்நூறைப் பற்றி யோசிப்பதே இல்லை.

சரி, இப்போது கல்லுக்கு வருகிறேன்.

மாணிக்கத்தில்தான் புது ஆட்கள் முதலில் விழுகிறார்கள். பேங்காக்கில் பெரிய சிவப்புக் கல் மலிவாகக் கிடைத்தால், அது ஈயக் கண்ணாடி நிரப்பியது என்று வைத்துக்கொள். வெடிப்பு நிறைந்த, விலைபோகாத கல்லை எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி அந்த வெடிப்புகளுக்குள் ஓடவிடுவார்கள். 2004 வாக்கில் சந்தைக்கு வந்த வேலை இது. பத்து மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு, விளக்கின் கீழே கல்லை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார். வெடிப்புக்குள் நீல நிறம் பளிச்சென்று ஓடி மறையும். நசுங்கிய குமிழிகளும் தெரியும். கடையில் நன்றாகத்தான் இருக்கும். நம் பட்டறைக்கு வந்தால்தான் வேஷம் கலையும். பற்றவைக்கும் சூட்டில் கண்ணாடி இளகும், பிறகு அமிலத் தண்ணீரில் போட்டால் அரித்துவிடும். எலுமிச்சைச் சாறே போதும் மேற்பரப்பை வெள்ளை வெள்ளையாக ஆக்க. மீன் அறுத்து எலுமிச்சை தேய்த்த கையோடு மோதிரம் போட்டிருக்கிற அம்மா மறு மாதம் யாரைத் தேடி வருவாள்? கல்லைப் பதித்துக் கொடுத்த என்னைத்தான்.

செயற்கைக் கல் வேறு விஷயம். அது கண்ணாடி இல்லை. இயற்கை மாணிக்கமும் நீலமும் எதனால் ஆனதோ அதே பொருள், உலையில் உருக்கி வளர்த்தது. பிரான்சில் வெர்னோய் என்பவர் 1902-ல் இந்த முறையை வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆகவே பாட்டி காலத்து நகை என்பதற்காக நம்பாதே. கடினம் பத்துக்கு அதே 9, அடர்த்தி அதே 4.00. கண்ணாடியில் கீறிக் காட்டி "பார், அசல்" என்று ஒருவன் சொன்னால் அவன் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. பார்க்க வேண்டியது உள்ளே ஓடும் வரிகளை. உலைக் கல்லில் அவை வளைந்து, பழைய இசைத்தட்டின் கோடு மாதிரி இருக்கும். கூடவே உருண்டைக் குமிழிகளும் இருக்கலாம். பூமியில் விளைந்ததில் வரிகள் நேராக ஓடி, கோணத்தில் திரும்பும். சுரங்கத்து வாசலில் சேறு பூசி விற்கிற பட்டை தீட்டாத கல்லிலும் உலைக் கல் இருக்கும். சுரங்கத்திலேயே வாங்கினேன் என்பது ஒரு சாட்சி அல்ல.

சூடு போடுவது எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். பால்போல மங்கிய இலங்கைக் கல்லுக்குச் சிங்களத்தில் கெவுடா என்று பெயர். 1970-களில் தாய்லாந்துக்காரர்கள் அதை வாங்கிப்போய்ச் சூளையில் வைத்து நீலமாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். சூடு 1,800 டிகிரி வரைக்கும் போகும். சூடு போட்ட கல்லைச் சூடு போட்டது என்று சொல்லி விற்பதில் தப்பில்லை. சூடு படாத கல்லின் விலையைக் கொடுத்து அதை வாங்குவதுதான் தப்பு. படாத கல்லில் மெல்லிய ஊசிகள் பட்டு நூல் மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும், பெரும் சூட்டில் அவை கரைந்து புள்ளி புள்ளியாகிவிடும். குறைந்த சூடு போட்டிருந்தால் ஊசி அப்படியே இருக்கும் என்பதால், லென்ஸில் ஊசி தெரிந்துவிட்டது என்று துள்ளாதே.

நீ அதிகம் விற்கப்போவது புஷ்பராகம், அதாவது நீலத்தின் இனத்திலேயே மஞ்சள் கல், அதில்தான் எனக்குக் கூடுதல் பயம். பெரிலியம் என்ற பொருளைக் கல்லோடு சேர்த்துச் சுட்டால் மஞ்சள் நிறம் கல் முழுக்க ஊறிவிடும். 2001, 2002 வாக்கில் இப்படிச் சுட்ட ஆரஞ்சு, மஞ்சள் கற்கள் தாய்லாந்திலிருந்து குவிந்தன. லென்ஸால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, பெரிய சோதனைக்கூடத்தின் லேசர் கருவிதான் சொல்லும். இன்னொன்று, கதிர்வீச்சு கொடுத்து மஞ்சளாக்கியது. சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். இவை இரண்டும் போதாதென்று, வெறும் டோபாஸையும் மஞ்சள் படிகத்தையும்கூடப் புஷ்பராகம் என்று விற்கிறார்கள். ஆகவே அடர்ந்த மஞ்சளும் ஆரஞ்சும் சோதனை அறிக்கை இல்லாமல் வேண்டாம். வெளிர் மஞ்சள் பார்க்கச் சப்பென்று இருக்கும், ஆனால் நம் ஆட்கள் அதையும் வாங்குவார்கள்.

வைடூரியத்துக்கு ஒரு சின்ன வழி. கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து உருக்கிய போலி நிறைய இருக்கிறது, அதன் பூனைக்கண் கோடு அசலைவிட எடுப்பாக இருக்கும். கல்லைப் பக்கவாட்டில் திருப்பி லென்ஸில் பார்த்தால் தேன்கூடு தெரியும். கோமேதகம் மலிவு, ஆகவே தொல்லையும் குறைவு. உள்ளே சர்க்கரைப் பாகு கரைகிற மாதிரி நெளிந்தால் பெரும்பாலும் சரி.

லென்ஸ், சாமணம், சின்ன டார்ச், தராசு எடுத்துக்கொள். தராசு விஷயத்தில் கவனம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை மெல்லிய நூலில் கட்டித் தரை தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. தராசு காட்டுவதைக் கொண்டு கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி. மாணிக்கம், நீலம், புஷ்பராகம் மூன்றும் 4.00, மாணிக்கம் மாதிரியே தெரிகிற ஸ்பினெல் என்ற வேறு கல் 3.60. ஆனால் மூன்று காரட் என்பது 0.60 கிராம்தான், தண்ணீரில் 0.15 கிராம் காட்ட வேண்டும். நீ வைத்திருக்கிற பலகாரத் தராசு நூறில் ஒரு கிராம்வரைதான் காட்டும். அது 0.14 என்றால் அடர்த்தி 4.29, 0.16 என்றால் 3.75. ஒரு எண் புரண்டால் கல்லே வேறாகிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டுகிற தராசு வாங்கு. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடு, இல்லையென்றால் கல்லில் காற்றுக் குமிழி ஒட்டி எடையைக் கெடுக்கும். உலைக் கல்லும் 4.00 காட்டும் என்பதை மறந்துவிடாதே, இந்தச் சோதனை கண்ணாடியையும் மாற்றுக் கல்லையும் விலக்கத்தான்.

கடை விளக்கில் விலை பேசாதே. வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார். நடுவில் கீழே இருக்கும் தாள் தெரிந்தால் அந்தக் கல்லில் ஒளி தங்காமல் ஓடுகிறது. பக்கவாட்டிலும் பார். எடை நிற்க வேண்டும் என்று அடிவயிற்றைப் பருமனாக விட்டுப் பட்டை தீட்டியிருப்பார்கள், மோதிரத்தில் வைத்தால் வயிறு விரலை இடிக்கும். மறுபடி தீட்டினால் 3.40 காரட் 2.75 ஆகிவிடலாம். காரட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்தில் அந்தத் தூளுக்கும் கொடுத்திருக்கிறாய்.

இலங்கையில் பேருவளை சீனன்கோட்டை வியாபாரிகள் தமிழ் பேசுவார்கள். நல்ல ஆட்கள் நிறைய. ஆனால் பிளேன் டீயும் நம் பாஷையும் சேர்ந்தால் மனசு இளகும், இளகிய மனசோடு விலை கேட்காதே. தாய்லாந்தில் சந்தபுரி போனால் கல் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை. மேசை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தால் தரகர்கள் பொட்டலங்களோடு வருவார்கள். நீ விலை சொன்னதும் தரகர் பொட்டலத்தை ஒட்டி, மேலே உன் விலையை எழுதி, உரிமையாளரிடம் கொண்டுபோவார். அவர் சரி என்றுவிட்டால் நீ வாங்கியே ஆக வேண்டும். சும்மா ஒரு விலை சொல்லிப் பார்ப்போம் என்பது அங்கே நடக்காது. பேங்காக்கில் டுக்டுக் ஓட்டுநர் "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, அரசாங்கக் கல் விற்பனை இன்றோடு முடிகிறது, ஊரில் போய் இரட்டிப்பாக விற்கலாம்" என்றால் இறங்கி நட. அப்படி ஒரு அரசாங்க விற்பனை கிடையாது.

கடைக்காரன் அச்சடித்துத் தரும் சான்றிதழ் காகிதம்தான். சோதனைக்கூட அறிக்கையில் எடையும் மில்லிமீட்டர் அளவும் இருக்கும், உன் கையில் உள்ள கல்லோடு அவற்றை ஒப்பிடு. அறிக்கை எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்திலும் தட்டிப் பார். பேங்காக்கில் நல்ல கூடங்கள் இருக்கின்றன. விலை பேசும்போதே, அறிக்கை மாறாக வந்தால் பணம் திரும்ப என்று ரசீதில் எழுதி வாங்கு, எழுத மறுத்தால் எழுந்து வா. இலங்கையில் உரிமம் உள்ளவரிடமே வாங்கு, வெளியே கொண்டுவருவது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை வழியாக நடக்கட்டும். விற்பதற்காகக் கொண்டுவரும் சரக்கு சொந்த உபயோகப் பொருள் ஆகாது, நம் சுங்கத்துறையிடம் புறப்படும் முன்பே கேட்டுக்கொள். பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும். உன் பணம் மட்டும் அதைத் தொடாது, கூட்டாளியின் பணத்தையும் நீயே சுமந்தால் தொட்டுவிடலாம்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை. அடுத்த வாரம் அண்ணன் ஜொகூர் வரும்போது ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். 3.12 காரட் புஷ்பராகம், இலங்கைக் கல், அறிக்கையோடு. நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஜொகூரில் ஒரு கடை, கிள்ளானில் ஒரு கடை, வீட்டுக்கு வரும்போது ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு கடை. பத்தர் மகள் என்று சொல்லாமல், விற்க வந்தவளாக நில். மூன்று பேரும் என்ன விலை கேட்டார்கள், ரொக்கமா தவணையா, எத்தனை நிமிஷம் லென்ஸில் பார்த்தார்கள், முதல் கேள்வி என்ன கேட்டார்கள், எல்லாம் எழுதி வை. அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம்.

பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிக்காதே. மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்து, காற்றாடியை நிறுத்திவிட்டுப் பிரி.

அன்புடன்,
அப்பா